புட்டிக்குப் பதிவு உண்டு, தெளிக்கும் கைக்கு?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அதை நஞ்சு என்று சொல்வது அபூர்வம். 'அம்மா மருந்தடிக்கப் போயிருக்கிறார்' என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். மருந்து பம்பு, மருந்து ஸ்டோர், மருந்து மண்டோர் என எல்லாமே மருந்துதான். இந்நாட்டுச் சட்டம் அதை அப்படி அழைக்கவில்லை. 1974ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மலாய்ப் பெயரிலேயே 'ராச்சுன்', அதாவது நஞ்சு, என்ற சொல் நிற்கிறது. தமிழ்த் தோட்டத்தில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. களைக்கு அடிப்பதும் மருந்து. இந்தச் சொல் மயக்கம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். மருந்து என்று பழகிப்போன ஒன்றிடம் மனிதருக்கு அச்சம் குறைகிறது என்பது மட்டும் உண்மை.

நேயர்களே, இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சற்று வறட்சியானது. நஞ்சுகளுக்கான பதிவு விதிகள், அவற்றைத் தொழிலாகத் தெளிப்பவர்களுக்கான உரிமம் ஆகியவை பற்றியது. வறட்சியான விதிகளுக்குள்தான் பலருடைய நுரையீரலும் தோலும் கண்ணும் அடங்கியிருக்கின்றன என்பதால் கொஞ்சம் பொறுமையோடு கேட்க வேண்டும்.

முதலில் புட்டியின் கதை. மலேசியாவில் எந்தப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் எலி நஞ்சும், கொசுவத்திச் சுருள் உட்பட, பதிவு பெறாமல் விற்பனைக்கு வர முடியாது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நஞ்சு வாரியம்தான் பதிவு தருகிறது. விவசாய இலாகாவின் தலைமை இயக்குநர் அதன் தலைவர். சுகாதாரம், இரசாயனம் முதலிய இலாகாக்களும் அதில் இடம்பெறுகின்றன. பதிவு கேட்கும் நிறுவனம் அந்தச் சரக்கு எதைக் கொல்லும், எவ்வளவு தெளிக்க வேண்டும், மனிதருக்கும் விலங்குக்கும் என்ன செய்யும், விளைபொருளில் எவ்வளவு எச்சம் தங்கும் என்பதற்கெல்லாம் ஆய்வு விவரம் கொடுக்க வேண்டும். புட்டியில் ஒட்டும் சீட்டின் வாசகத்தைக் கூட வாரியம் பார்த்துத்தான் ஒப்புதல் தருகிறது. பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவு பெற்றதற்கு அடையாளம் சீட்டில் உள்ள 'எல்.ஆர்.எம்.பி.' என்று தொடங்கும் எண். அந்த எண் இல்லாத புட்டியை யார் விற்றாலும், சந்தையிலோ இணையத்திலோ எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வாங்கக் கூடாது. பதிவில்லாததை விற்பது மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பதும் குற்றத்தில் கொண்டுபோய்விடும்.

சீட்டின் அடியில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். கறுப்பு என்றால் மிகக் கொடியது. சிவப்பு அதற்கு அடுத்தது. பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை என்று இறங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிறம் எதைச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோதனை விலங்குகளுக்கு ஒரே தடவையில் கொடுக்கும்போது, பாதி விலங்குகள் சாக எவ்வளவு தேவைப்படுகிறது என்ற கணக்கே இத்தகைய வகைப்பாட்டுக்கு அடிப்படை. ஒரே மடக்கில் வரும் சாவை அது சொல்லும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு, காலை ஏழு மணியிலிருந்து பகல்வரை முதுகில் ஒழுகி, தோலில் ஊறி, மூச்சில் ஏறியது என்ன செய்யும் என்பதை எந்தப் பட்டையும் சொல்லாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் பாராகுவாட் களைக்கொல்லி 'மிதமான ஆபத்து' என்ற வகுப்பில்தான் வைக்கப்பட்டது. அந்த 'மிதம்' என்ன பாடு படுத்தியது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

பட்டணத்தில் ஒரு விதி

2004ஆம் ஆண்டு ஒரு முக்கியமான விதி வந்தது. வீடு, கடை, கிடங்கு, உணவகம் ஆகியவற்றில் கூலி பெற்றுக்கொண்டு கரையான், எலி, கரப்பான், கொசு ஒழிக்கும் தொழிலை நடத்துபவர்கள் உரிமம் பெற்றாக வேண்டும் என்பது அது. நிறுவனத்துக்கு ஓர் உரிமம். நஞ்சைக் கையாளும் தெளிப்பாளருக்கு ஓர் உரிமம். அவருக்கு உதவியாக இருப்பவருக்கும் ஓர் உரிமம். தெளிப்பாளர் தேர்வு எழுதித் தேற வேண்டும். எந்த நஞ்சு எதற்கு, எவ்வளவு நீர், தவறி மேலே பட்டால் என்ன முதலுதவி, மிச்சத்தை எங்கே கொட்டுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பத்து இளைஞர்கள் சிலரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே இது அவர்களுக்கும் உரிய செய்தி: உரிமம் இல்லாத நிறுவனத்தில் 'இரண்டு மாதம் கூட இருந்து பழகிக்கொள்' என்று சொல்லிப் பம்பைக் கையில் கொடுத்தால், அது வேலை கற்றுத் தருவது ஆகாது. ஆபத்தை அவர் தலையில் கட்டுவதாகும். வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து நிற்பவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். தெளிக்கப் போகும் சரக்கின் மூலப் புட்டியைக் காட்டச் சொல்லலாம். மினரல் வாட்டர் புட்டியில் வெள்ளையாக எதையோ கரைத்துக் கொண்டுவந்து, 'இது நல்ல மருந்து, வாசனையே வராது' என்று சொன்னால், ஒரு வெள்ளியும் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது.

அண்டை நாடான சிங்கப்பூரிலும் இந்த நடைமுறை உண்டு. அங்கே 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு, எலி முதலிய நோய்பரப்பிகளை ஒழிக்கும் நிறுவனம் பதிவு பெற வேண்டும். தொழில்நுட்பர் உரிமம் பெற வேண்டும். அவர்களுக்குக் கீழ் வேலை செய்யும் தொழிலாளியும் பயிற்சிச் சான்று பெற வேண்டும். டிங்கிக் காய்ச்சல் பரவும் காலத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே புகையடிக்கும் இளைஞர் தமிழகத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். அவர் தோளில் தொங்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் எதிர்பார்க்கிறது.

இதுவரை சொன்னவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று விளங்கும். நஞ்சை இறக்குமதி செய்பவருக்கும் தயாரிப்பவருக்கும் பதிவு வேண்டும். விற்பவருக்கும் கிடங்கில் வைப்பவருக்கும் 1988ஆம் ஆண்டு விதிப்படி உரிமம் வேண்டும். விளம்பரம் செய்பவருக்கு ஒப்புதல் வேண்டும். பட்டணத்தில் கரப்பான் பூச்சிக்குத் தெளிப்பவருக்குத் தேர்வே உண்டு. செம்பனைத் தோட்டத்தில் தன் முதுகில் 15 லிட்டர் பம்பைச் சுமந்துகொண்டு, மரத்தடி வட்டம் வட்டமாக நாள் முழுக்கத் தெளிக்கும் தோட்டத்தின் சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் அப்படி ஒரு தேர்வும் இல்லை, உரிமமும் இல்லை. அவர் தொழிலாகப் பிறர் வீட்டில் தெளிப்பவர் அல்லர் என்பதால் 2004ஆம் ஆண்டு விதி அவரைத் தொடவில்லை. பட்டணத்துக் கரப்பானைவிடத் தோட்டத்து மனிதர் எந்த வகையில் குறைந்து போனார் என்று தெரியவில்லை.

பாராகுவாட் சொல்லும் பாடம்

பாராகுவாட் என்ற களைக்கொல்லி பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தால் 1962இல் சந்தைக்கு வந்தது. 'கிராமொக்ஸோன்' என்ற பெயர் தோட்டத்துப் பழைய தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். பச்சைப் புல் மேல் பட்டால் சில மணி நேரத்தில் வாடிவிடும். மழை வந்தாலும் சீக்கிரம் கழுவிப் போகாது. கூலி மிச்சம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில் தோட்டங்களுக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. ஆண்கள் குலை வெட்டப் போனார்கள். உரம் போடுவது, உதிரிப்பழம் பொறுக்குவது, மருந்தடிப்பது ஆகியவை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தன.

அந்தச் சரக்குக்கு முறிமருந்து இல்லை. ஒரு மடக்கு உள்ளே போனாலும் நுரையீரல் நாள்தோறும் இறுகி மூச்சு நின்றுவிடும். தவறிக் குடிக்காமல் இருப்பதற்காகவே அதில் நீலப் பச்சைச் சாயமும் கெட்ட நாற்றமும் வாந்தியூட்டும் பொருளும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டன. குடிக்காமல் தெளிப்பவர்களுக்கோ வேறு விதமான துன்பம். புல் கீறிய காலில் பட்டால் புண் ஆறாது. புண் வழியாக நஞ்சு உடம்புக்குள் போகும். நகம் நிறம் மாறி விழுந்துவிடும். மூக்கில் இரத்தம் வடியும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. 'சூட்டு உடம்பு, அதனால்தான் மூக்கில் இரத்தம்' என்று இளநீர் குடித்துவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போன தாய்மார்கள் இருந்தார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உண்மையை அவர்களுக்குச் சொல்லும் கடமை வேறு ஒருவருக்கு இருந்தது.

2002ஆம் ஆண்டு தெனகானித்தா அமைப்பும் பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் நஞ்சு எதிர்ப்பு இயக்கமும் தோட்டத் தெளிப்பாளர்களிடையே செய்த ஆய்வை வெளியிட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நீக்குவதாக அறிவித்தது. தோட்டத் தரப்பும் உற்பத்தித் தரப்பும் விடவில்லை. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. பிறகு மீண்டும் பேச்சு, மீண்டும் ஆய்வு. கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல்தான் மலேசியாவில் முழுத் தடை நடப்புக்கு வந்தது. முதல் அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல். 2002இல் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, தடை வந்தபோது வேலைக்கே போய்விட்டிருக்கும்.

இதே சரக்கை அமெரிக்கா தடை செய்யவில்லை. ஆனால் 2016இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எடுத்த முடிவின்படி, சான்று பெற்ற தெளிப்பாளர் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. சான்று பெற்றவரின் மேற்பார்வையில் சான்று இல்லாதவர் தெளிக்கலாம் என்ற பழைய சலுகையும் எடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தனிப் பயிற்சி. 'ஒரு மிடறு கொல்லும்' என்ற எச்சரிக்கை. அங்கே இன்னும் அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன என்பதால், சான்றிதழ் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் யார் கையில் நஞ்சைக் கொடுக்கிறோம் என்ற கேள்வியை அந்த நாடு கேட்டது. இந்நாட்டுத் தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, பம்பைக் கொடுத்து அனுப்பியதோடு வேலை முடிந்தது.

பாராகுவாட் போனதோடு கதை முடிந்துவிடவில்லை. களை முளைப்பது நிற்காது. இப்போது வேறு களைக்கொல்லிகள் அதே பம்பில், அதே முதுகில் போகின்றன. சுமப்பவர் மட்டும் மாறியிருக்கிறார். தமிழ்ப் பெண்கள் சுமந்த இடத்தில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளியும் நிற்கிறார்கள். முன்பு நம் தாய்மாருக்கு மலாய்ச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆளில்லை. இன்று வங்காளதேசிக்கும் இல்லை.

எட்டில் இருக்கும் உரிமைகள்

உரிமம் இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் உண்டு. கொடிய நஞ்சுகளுக்கென்றே 1996இல் தனி விதிமுறை வந்தது. 2000ஆம் ஆண்டின் இரசாயன விதிமுறை இன்னும் நுணுக்கமானது. வேலை தொடங்கும் முன்பே அந்த இரசாயனம் தொழிலாளிக்கு என்ன ஆபத்தைத் தரும் என்று முதலாளி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு ஆராய வேண்டும். ஐந்தாண்டுக்குள் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் போன்றவற்றோடு வேலை செய்பவர்களுக்கு இரத்தச் சோதனை உள்ளிட்ட மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படும். உடம்பு தாங்காது என்று தொழில்சார் மருத்துவர் சொன்னால் அந்த வேலையிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

கையுறைக்கும் முகமூடிக்கும் பூட்சுக்கும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம் 26ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். எதிர்க்காற்றில் தெளிக்கச் சொல்லும் மண்டோரிடம் இந்தப் பிரிவைச் சொல்லும் துணிச்சல், வேலை பெர்மிட்டை முதலாளியே வைத்திருக்கும் தொழிலாளிக்கு வருமா என்பது வேறு கேள்வி.

தோட்டத் தரப்பின் வாதத்தையும் கேட்பதுதான் முறை. ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள். எல்லாருக்கும் தேர்வு வைத்தால் களை வளர்ந்து மரத்தை மூடிவிடும். படிக்காதவர் எழுத்துத் தேர்வில் எப்படித் தேறுவார் என்கிறார்கள். கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேர்வே வேண்டாம் என்பதல்ல. செய்து காட்டும் தேர்வாக, அவரவர் மொழியில் வைக்கலாம். பம்பின் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது என்பதையும், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்பதையும், நனைந்த சட்டையை உடனே மாற்ற வேண்டும் என்பதையும் அரை நாளில் செய்து காட்டலாம். செய்யச் சொல்லியும் பார்க்கலாம். லோரி ஓட்டுபவருக்குப் பொருள் ஏற்றும் தனி லைசென்ஸ் வேண்டும் என்றபோதும் முதலில் இதே முணுமுணுப்புதான் எழுந்திருக்கும். லோரிகள் ஓடாமல் நின்றுவிடவில்லை. ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்பதும், சொல்லப் போனால், உரிமம் வேண்டும் என்பதற்கான வாதமே. புதிதாக வந்தவர்தான் முதல் வாரத்தில் தவறு செய்வார்.

தனிமனிதரின் பெயரில் உரிமம் இருந்தால் இன்னொரு பயனும் உண்டு. அவர் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், எந்த நஞ்சைத் தெளித்தார் என்ற கணக்கு அவர் பெயரோடு போகும். இப்போது அந்தக் கணக்கு தோட்டத்து ஆபீசில் கிடக்கிறது. தோட்டமோ கை மாறுகிறது. துண்டாடப்பட்டு வீடமைப்பு வருகிறது. கிராணி ஓய்வு பெறுகிறார். அறுபது வயதில் மூச்சு முட்டலோடு மருத்துவமனைக்குப் போகும் அம்மாவிடம் மருத்துவர் 'என்ன வேலை செய்தீர்கள்' என்று கேட்டால், 'தோட்டத்து வேலை' என்று மட்டும் சொல்கிறார். மருந்தடித்த கதையை அவர் சொல்வதில்லை. மருத்துவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. பெற்றோரை அழைத்துப் போகும் பிள்ளைகள் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டு தெளித்தார், இன்ன நிறத்துச் சரக்கு, பெயர் இது என்று தெரிந்த அளவுக்குச் சொன்னால் போதும். இன்றைக்கு ஒருவர் மேல் நஞ்சு கொட்டிவிட்டாலோ, வாய்க்குள் போய்விட்டாலோ, அவரோடு புட்டியையும் சீட்டையும் சேர்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் தேசிய நஞ்சு மையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்பதற்கும் அந்தச் சீட்டுதான் உதவும்.

வேலையால் வந்த நோய்க்குப் பெர்க்கேசோ எனப்படும் சொக்சோவில் இழப்பீடு கேட்க வழி உண்டு. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கேட்பவர் தாம் அந்த நஞ்சோடு வேலை செய்ததைக் காட்ட வேண்டும். இங்கேதான் 2000ஆம் ஆண்டு விதிமுறையின் ஒரு சின்ன வரி பெரிதாகிறது. மருத்துவக் கண்காணிப்புப் பதிவேடுகளை முதலாளி 30 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது அந்த வரி. விதிமுறை வந்த புதிதில் எடுக்கப்பட்ட சோதனைகளின் ஏடுகளுக்கு இந்தக் கெடு 2030ஐ ஒட்டி முடிகிறது. அந்த ஆண்டுகளில் தோட்டத்தில் மருந்தடித்தவர்கள், தங்களுக்கு அப்போது இரத்தமோ மூச்சோ சோதித்திருந்தால், அந்தத் தோட்டத்தை இன்று யார் வைத்திருந்தாலும் அவர்களுக்குக் கடிதம் எழுதித் தங்கள் ஏட்டின் படியைக் கேட்கலாம். கடிதத்தின் ஒரு படியை வட்டாரத்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கும் அனுப்பி வைப்பது நல்லது. பெயர், அடையாளக் கார்டு எண், தோட்டத்தின் பெயர், பிரிவு, வேலை செய்த ஆண்டுகள், மண்டோரின் பெயர் நினைவிருந்தால் அதுவும்: எழுத வேண்டியது இவ்வளவுதான்.